பல்லாவரத்துக் கல்லும் இரண்டு வைரமும்

முதல் நாள், செவ்வாய்

நெல்லை எக்ஸ்பிரஸிலிருந்து தாம்பரத்தில் இறங்கியபோதே கழுத்தெல்லாம் பிசுபிசுத்தது. கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மின்சார ரயில் பிடித்துப் பழவந்தாங்கலில் இறங்கி, நங்கநல்லூரில் சித்தி வீட்டுக் கதவைத் தட்டினேன். கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் ஊட்டி, கொடைக்கானல் என்று போகாமல் சென்னைக்கு வருகிறவள் நான் ஒருத்திதான் என்று சித்தி சொன்னாள். உண்மைதான்.

என் கைப்பையில் ஒரு டிபன் பாக்ஸ் இருந்தது. சித்தி ஆசையாகத் திறந்து பார்த்தாள். பஞ்சில் சுற்றிய கண்ணாடிக் குப்பி. அதில் ஒரு சிட்டிகைப் பழுப்புத் தூள். போன வருடம் பல்லாவரத்தில் பொறுக்கிக்கொண்டு போன கல்லைப் பாளையங்கோட்டையில் உடைத்து, உருப்பெருக்கியின் கீழே ஊசியால் ஒவ்வொரு மணியாகப் பிரித்தெடுத்த ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் அது. மூன்று மாத வேலை. "இதற்கு இட்லிப் பொடியே கொண்டு வந்திருக்கலாம்" என்றாள்.

அந்தத் தூளை நசுக்கப் போகிறேன். அம்மியில் நசுக்குவதுபோல் அல்ல. ஒரு லட்சம் வளிமண்டலங்களின் அழுத்தத்தில். அப்படி நசுங்கிக்கொண்டிருக்கும்போதே அதன் அணுக்கள் எப்படி நெருங்குகின்றன என்பதை எக்ஸ் கதிரில் பார்க்க வேண்டும். அதற்கான கதிர் இந்தூரில் இருக்கிறது. ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-2 என்ற சிங்க்ரோட்ரான்: 172.5 மீட்டர் சுற்றளவுள்ள வளையம், அதற்குள் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் சுற்றும் எலக்ட்ரான்கள். காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடங்களிலெல்லாம் கதிர் தொடுகோட்டில் சிதறி வெளியே வரும். எனக்குக் கிடைத்திருப்பது சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்துக்குத் தயாராகவே சென்னையில் ஒரு வாரம். கிண்டியில் நெறியாளரின் நண்பருடைய ஆய்வகத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள், புதன்

இன்று முழுக்க ஓர் ஓட்டை.

கருவியின் பெயரை நூல் தமிழில் வைரப் பட்டடைக் கலம் என்று எழுதலாம். ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'செல்' என்பார்கள், அவ்வளவுதான். கைக்குள் அடங்கும் எஃகு உருளை, நான்கு திருகுகள். உள்ளே இரண்டு வைரங்கள் நுனியோடு நுனி பார்த்தபடி. நுனி கூராக இருக்காது. முந்நூறு மைக்ரான் விட்டத்துக்குத் தட்டையாகச் சீவியிருக்கும். மூன்று நான்கு தலைமுடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த அகலம் வரும்.

அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். இன்றுதான் அதைக் கையால் உணர்ந்தேன். முந்நூறு மைக்ரான் முகத்தில் எழுபத்திரண்டு கிலோ எடையை ஏற்றினால் பத்து ஜிகாபாஸ்கல், அதாவது நேற்றுச் சொன்ன அந்த ஒரு லட்சம் வளிமண்டலங்கள். சித்தி ஒரு வைரத்தின் மேல் ஏறி நின்றால் போதும். (இதை அவளிடம் சொல்லவில்லை.) கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கலில் ஒன்பதில் ஒரு பங்கு. பூமியின் நடு மையத்தில் சுமார் 364.

ஆனால் இரண்டு வைரத்துக்கு நடுவே தூளை வெறுமனே வைத்து அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடும். அதைத் தடுக்க ஒரு வேலி வேண்டும். அதுதான் கேஸ்கெட்: கால் மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடு. முதலில் வைரங்களால் தகட்டை ஒருமுறை அழுத்தி, நடுவில் ஐம்பது மைக்ரான் தடிமனுக்குக் குழியாக்க வேண்டும். பிறகு அந்தக் குழியின் நட்ட நடுவில் நூற்றைம்பது மைக்ரானுக்கு ஒரு துளை. இந்தத் துளைக்குள்தான் என் மூன்று மாதமும் போய் உட்காரப் போகிறது.

துளையிடுவது மின்பொறி. டங்ஸ்டன் கம்பியின் நுனிக்கும் தகட்டுக்கும் இடையே எண்ணெயில் பொறி பறந்து பறந்து எஃகை அரிக்கும். ஆய்வகத்தில் முனைவர் பட்டம் செய்யும் தம்பி ஒருவர் இதில் கை தேர்ந்தவர். எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, டீ குடிக்கப் போனார். என் முதல் துளை இருபது மைக்ரான் தள்ளி விழுந்தது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரிந்தது. திரும்பி வந்த தம்பி நுண்ணோக்கியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேடம், இது ஓடும்" என்றார். நடுவில் இல்லாத துளை அழுத்தம் ஏற ஏற ஒரு பக்கமாக நகர்ந்து விளிம்பை எட்டிவிடுமாம். அப்போது வைரமும் வைரமும் முட்டிக்கொள்ளும். இரண்டில் ஒன்று போகும்.

இரண்டாவதும் தள்ளித்தான் விழுந்தது. மூன்றாவது நடுவில். மணி ஆறு.

மூன்றாம் நாள், வியாழன்

தூளை எடுத்து வைக்க ஆய்வகத்தில் இருந்த சாமணத்தின் நுனி வளைந்திருந்தது. (யார் வளைத்தது என்று விசாரிக்கவில்லை, நேற்று மாலை கடைசியாக அதைத் தொட்டது நான்.) நானே வாங்கித் தருகிறேன் என்று சௌகார்பேட்டைக்குக் கிளம்பினேன். பொற்கொல்லர்களுக்கான சாமான்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான்.

போகும் வழியில் பவளக்காரத் தெருவுக்குள் நடந்தேன். ஜார்ஜ் டவுனில் இத்தனை வருடம் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன், பெயரை யோசித்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலிருந்து யூத வணிகர்கள் மத்தியதரைக் கடல் பவளத்தையும் வெள்ளியையும் இங்கே அனுப்பி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த தாமஸ் பிட் 48,000 வராகன் கொடுத்து வாங்கிய 410 காரட் கல், பட்டை தீட்டியபின் 140 காரட்டாகி, 1717இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதியிடம் போய்ச் சேர்ந்தது. இன்று பாரிஸ் லூவரில் இருக்கிறது. உலகமே விரும்பிய வைரம் கைமாறிய ஊரில், ஒரு காரட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இரண்டு கல்லை வைத்துக்கொண்டு நான் பதறிக்கொண்டிருக்கிறேன்.

சாமணக் கடைக்குப் பக்கத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் கல் பதித்துக்கொண்டிருந்தார். கண்ணில் லூப் என்கிற உருப்பெருக்கி. நான் வாங்கிய சாமணத்தைக் கையில் வாங்கி, இரு நுனியும் சேர்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒன்று நீளம். மாற்றிக்கொண்டு வாருங்கள் அம்மா" என்றார். மாற்றினேன். பேச்சு வளர்ந்தது. செல்லின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "நல்ல கல்லைத் தலைகீழாக வைத்து நுனியைச் சீவியிருக்கிறீர்களே. எதற்கு?"

அழுத்துவதற்கு என்றேன்.

"எதை?"

"பல்லாவரத்துக் கல்லை."

அவர் சிரிக்கவில்லை. வைரத்தை அழுத்திப் பார்க்கக் கூடாது, அதற்கு ஒரு பக்கம் உண்டு, அந்தப் பக்கத்தில் தட்டினால் அப்படியே பிளந்துவிடும் என்று மட்டும் சொன்னார். படிகத்தின் பிளவுத் தளத்தைப் பற்றி நான் வகுப்பில் முக்கால் மணி நேரம் எடுப்பதை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

1958இல் வாஷிங்டனில் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்தில் முதல் வைரச் செல்லைச் செய்தவர்களுக்குக் கல் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? கடத்தல்காரர்களிடம் அரசு பறிமுதல் செய்தது. வாங்கப் பணம் இல்லாத ஆராய்ச்சியாளர்களின் குலதெய்வம் சுங்கத் துறைதான் போலிருக்கிறது.

நான்காம் நாள், வெள்ளி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

என் தூளை நேரடியாக வைக்கத் தம்பி விடவில்லை. "முதலில் தண்ணீர் மேடம். கை பழகட்டும்" என்றார். துளைக்குள் ஒரு ரூபித் துணுக்கு, ஐந்தாறு மைக்ரான். அழுத்தமானி அதுதான். பச்சை லேசரை அதன்மேல் விட்டால் சிவப்பாக ஒளிரும். சாதாரண அழுத்தத்தில் அந்த ஒளியின் முதன்மைக் கோடு 694.2 நானோமீட்டர். ஒவ்வொரு ஜிகாபாஸ்கலுக்கும் 0.365 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகரும். செல்லுக்குள் எந்தக் கம்பியும் விடாமல், நிறத்தைப் படித்தே அழுத்தத்தைச் சொல்லிவிடலாம். எழுபதுகளில் வந்த இந்த உத்தி இல்லாவிட்டால் இந்தத் துறையே நொண்டியாக இருந்திருக்கும் என்பது என் கட்சி.

முதல் ரூபித் துணுக்கைத் தும்மலில் தொலைத்தேன். இரண்டாவதைக் குச்சியில் ஒட்டிய ஒரு கண்ணிமை முடியால் தொட்டு எடுத்து உள்ளே விட்டேன். ஒரு சொட்டு நீர். மேல் வைரத்தை இறக்கி மூடி, நான்கு திருகுகளையும் எதிரெதிராக, ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாக.

நுண்ணோக்கியில் வட்டமான சின்னக் குளம்போல் தெரிந்தது. ஓரத்தில் ரூபி. திருகைச் சற்றே திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம். ஒன்றும் ஆகவில்லை. தம்பி ரூபியைப் படித்து, "ஒன்றைத் தாண்டிவிட்டது, பார்த்துக்கொண்டே இருங்கள்" என்றார். கண்ணை எடுக்கவில்லை. இமைத்த நேரத்தில் குளம் முழுதும் மங்கிவிட்டது. உடைந்த கண்ணாடியைக் கொட்டியதுபோல் சின்னச் சின்னத் துண்டுகள். உறைந்துவிட்டது!

பிறகு அவர் செய்தது அழகு. திருகை ஒரு மயிரிழை தளர்த்தினார். துண்டுகள் ஓரங்களில் கரையத் தொடங்கின. ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ஒரே ஒரு மணி மிஞ்சியது. உடனே மறுபடி இறுக்கினார். அந்த ஒற்றை மணி வளர்ந்தது. உருண்டையாக இருந்ததற்கு மெல்ல விளிம்புகள் முளைத்தன, முகங்கள் தட்டையாயின. யாரோ உள்ளே உட்கார்ந்து பட்டை தீட்டுவதுபோல். ஆறாம் வகைப் பனிக்கட்டி. அழுத்தத்தைப் பொறுத்துப் பனிக்கட்டியில் பல வகை உண்டு, 1912இல் அமெரிக்க இயற்பியலாளர் பெர்சி பிரிட்ஜ்மன் கண்டுபிடித்தவற்றில் இது ஒன்று. இது நீரில் மிதக்காது, மூழ்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் உறைவது அணுக்கள் தாராளமாகக் கால் நீட்டிப் படுத்திருக்கும் வகை. இது முகூர்த்த நாள் பஸ்.

இன்னும் இறுக்கி இரண்டு ஜிகாபாஸ்கலைத் தாண்டினால் ஏழாம் வகை. பூமியின் ஆழத்திலிருந்து வந்த இயற்கை வைரங்களுக்குள்ளேயே அந்த ஏழாம் வகைப் பனிக்கட்டி சிறைப்பட்டிருப்பதை 2018இல் கண்டார்கள். அதை அடையாளம் காட்டியதும் சிங்க்ரோட்ரான் கதிர்தான்.

ஜன்னலுக்கு வெளியே நாற்பது டிகிரியை எட்டிப் பிடிக்கிற வெயில். அறைக்குள் இருபத்தைந்து. என் கையில் இருந்த செல் உள்ளங்கைச் சூட்டுக்கு வந்திருந்தது. அதற்குள் பனிக்கட்டி. மாலையில் வெளியே வந்து நுங்கு வாங்கித் தின்றபோதும் அதே நினைப்பு.

ஐந்தாம் நாள், சனி

தூளை ஏற்றியாயிற்று. மெத்தனாலும் எத்தனாலும் நான்குக்கு ஒன்று கலந்த திரவம் சுற்றிலும் நின்று எல்லாப் பக்கமும் ஒரேபோல் அழுத்தும். சுமார் பத்து ஜிகாபாஸ்கல் வரை அதை நம்பலாம். சிக்கல், இது சொட்டு வைத்து மூடுவதற்குள் ஆவியாகிவிடுகிறது. இரண்டு முறை வெறும் காற்றுக்குமிழியைச் சிறைப்பிடித்தேன். மூன்றாம் முறை சொட்டை விட்டது நான், மூடியது தம்பி. 0.3 ஜிகாபாஸ்கலில் பூட்டினோம். குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

ஆய்வகத்தின் சொந்த எக்ஸ் கதிர்க் கருவியிலேயே எடுக்கக் கூடாதா என்று சித்தி கேட்டாள். (கேள்வி சரியான கேள்வி, என் மாணவர்கள் கேட்டதில்லை.) சாதாரணக் கருவியில் செப்புக் குழாயின் கதிர் இரண்டு வைரங்களையும் கடப்பதற்குள், ஆயிரத்தில் ஒன்றிரண்டே மிஞ்சும். மாலிப்டினக் குழாய் போட்டால் ஊடுருவும். ஆனால் துளையின் அளவுக்குக் கதிரை ஒடுக்கினால், மீதியில் படம் எடுக்க மணிக்கணக்காக, சமயத்தில் நாள்கணக்காகக் காத்திருக்க வேண்டும். சிங்க்ரோட்ரானில் நிமிடங்கள்.

ஆனால் கிண்டியைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. இதே வட்டாரத்தில்தான் ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் மூன்று புரி அமைப்பை 1954இல் எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து பிரித்தார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, பெங்களூரில் ராமனிடம் இருந்தபோது அவர் எக்ஸ் கதிரால் படம் எடுத்துக்கொண்டிருந்தது எதை? வைரங்களை.

ஆறாம் நாள், ஞாயிறு

ஆய்வகம் பூட்டு. பல்லாவரத்துக்குப் போனேன்.

பரங்கிமலையும் பல்லாவரமும் ஒரே கல். நீலம் பாய்ந்த கருஞ்சாம்பல், உடைத்த பக்கத்தில் எண்ணெய் தடவியதுபோல் ஒரு மினுக்கம். இங்கிருந்து போன கல்லில்தான் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அமைந்தது. 1893இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார்: சார்னோக்கைட். கல் நம்முடையது, பெயர் அவருடையது. 'பல்லாவரைட்' என்று வைத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? எனக்கு இந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. இதே ஊரில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார் என்பதைச் சொல்லும் பலரும் கல்லைப் பற்றிச் சொல்வதில்லை.

சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் கீழே, கடும் சூட்டில் வெந்து உருவான பாறை. அங்கே அது பட்ட அழுத்தம் ஒரு ஜிகாபாஸ்கலுக்கும் குறைவு. நான் அதன் துகளைப் பத்துக்குக் கொண்டுபோகிறேன். கிட்டத்தட்ட முந்நூறு கிலோமீட்டர் ஆழம். ஏறி வந்த வீட்டைத் தாண்டி இன்னும் கீழே இறக்குகிறேன்.

வீடுகளுக்கு இடையே துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையில் யாரோ போர்வை காயப் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. என்ன வேண்டும் என்று ஒரு அம்மா கேட்டார். கல்லைப் பார்க்க வந்தேன் என்றேன். கல் வாங்குவதென்றால் ஜல்லி லாரிக்காரரிடம் பேசச் சொன்னார்.

ஏழாம் நாள், திங்கள்

சென்ட்ரல் நிலையத்தில் இரவு பத்து மணி ரயில். போபாலில் இறங்கி இந்தூருக்குப் பஸ். செல்லைச் சரக்கோடு போடாதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று தம்பி பத்து முறை சொல்லியிருந்தார்.

நுழைவில் பையை எக்ஸ் கதிர்ப் பெட்டிக்குள் விட்டார்கள். திரையில் பார்த்துக்கொண்டிருந்த பெண் காவலர் பட்டையை நிறுத்தினார். கருப்பாக, உருளையாக, நான்கு திருகோடு. நானே பார்த்தாலும் நிறுத்தியிருப்பேன்.

"உள்ளே என்ன இருக்கிறது?"

"கல்."

"என்ன கல்?"

வைரம் என்று சொன்னால் இரவு இங்கேயே கழியும். "பல்லாவரத்துக் கல்" என்றேன். ஆய்வகக் கடிதத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"பல்லாவரத்துக் கல்லை எதற்கு இந்தூருக்குக் கொண்டு போகிறீர்கள்?"

"எக்ஸ் கதிரில் பார்க்க."

அவர் தன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்போதுதானே பார்த்தோம்" என்று சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டார்.

வியாழன் இரவு, இந்தூர்

சுருக்கமாக எழுதுகிறேன், தூக்கம் சொக்குகிறது. வந்ததும் ரூபியைப் படித்தார்கள். 0.3இல் பூட்டியது 0.4 ஆகியிருந்தது. இரண்டு நாள் குலுக்கலுக்கு இது மரியாதையான கணக்கு.

செல் நிற்கும் அறையை ஈயக் கதவு போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஆள் உள்ளே இருக்கக் கூடாது. கதிரைத் துளையின் நடுவில் நிறுத்த ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு சில நிமிடம். திரையில் வட்டங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக, கோயில் குளத்தில் காசு போட்டதுபோல். நடுநடுவே தடித்த கரும்புள்ளிகள். அவை வைரங்கள் தங்களைத் தாங்களே பதிவு செய்துகொண்டது. ஒவ்வொரு வட்டமும் அணு அடுக்குகளுக்கு இடையே உள்ள ஓர் இடைவெளி.

உள்ளே போய்த் திருகை இறுக்கி, ரூபியைப் படித்து, கதவைப் பூட்டி, மறுபடி படம். திரும்பத் திரும்ப. இரண்டு, நான்கு, ஆறரை, எட்டு. அடுக்குகள் நெருங்க நெருங்க, திரையில் வட்டங்கள் அகன்றன. கல் சுருங்குகிறது, வட்டம் விரிகிறது. பிராக் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தை எட்டியபோது கன அளவில் சுமார் ஏழு சதவீதம் குறைந்திருக்கும் என்பது கைக்கணக்கு. சரியான கணக்கை ஊருக்குப் போய்த்தான் போட வேண்டும். துளை இம்மிகூட நகரவில்லை. கிண்டியில் போட்ட மூன்றாவது துளை.

தம்பிக்குப் படத்தை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "அருமை மேடம். ஆய்வகத்தில் ஆலன் கீயைக் காணவில்லை, உங்கள் பையில் இருக்கிறதா?"

இருந்தது.